ரூட்டின் ஹோம் டைரக்டரி எங்கே இருக்க வேண்டும்? "/", "/ரூட்", "/ஹோம்/ரூட்" மூன்றும் ஒரே ஆபீஸில்

#1 கரிசல்_சர்வர்

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாறி வந்த இடத்தில் என் கைக்கு வந்திருக்கும் சர்வர்கள் ஒரு கதம்பம். மூலையில் சன் கம்பெனியின் யூனிக்ஸான சோலாரிஸ் 10 இரண்டு, சம்பளப் பட்டியல் ஓடும் ஐபிஎம் யூனிக்ஸான ஏஐஎக்ஸ் ஒன்று, மற்றதெல்லாம் ரெட் ஹேட், டெபியன் லினக்ஸ்.

ஒவ்வொரு யூசருக்கும் ஒரு வரி இருக்கும் பாஸ்வேர்ட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். சோலாரிஸிலும் ஏஐஎக்ஸிலும் ரூட்டுக்கு (எதையும் செய்ய முடிகிற நிர்வாகிக் கணக்கு) ஹோம், அதாவது லாகின் ஆனதும் வந்து நிற்கும் சொந்த டைரக்டரி, வெறும் "/", மொத்த ஃபைல் மரத்தின் உச்சி. லினக்ஸில் "/ரூட்". ஒரே ஒரு ரெட் ஹேட் பெட்டியில் மட்டும் எனக்கு முன்னால் இருந்தவர் "/ஹோம்/ரூட்" என்று மாற்றியிருக்கிறார். அந்த /ஹோம் என்எஃப்எஸ் வழியாக, அதாவது நெட்வொர்க்கில் இருக்கும் வேறொரு சர்வரின் டிஸ்க்கில் இருந்து, மவுன்ட் ஆகிறது (இங்கே இணைகிறது). "எல்லா யூசரும் ஒரே இடத்தில் இருந்தால் பேக்கப்புக்கு வசதி" என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

இப்போது ஆடிட் ரிப்போர்ட் வந்திருக்கிறது. சோலாரிஸில் ரூட்டின் ஹோமை மாற்றச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "சிஐஎஸ் பெஞ்ச்மார்க்கில் இருக்கு சார்" என்பதோடு சரி. பாதுகாப்பு அமைப்புகளுக்கான பரிந்துரைப் பட்டியல் அது. /ஹோம்/ரூட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கென்னவோ அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

சன்னும் ஐபிஎம்மும் காரணம் இல்லாமலா "/" என்று வைத்திருப்பார்கள்? மாற்றினால் எது உடையும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழைய_டெர்மினல்

தம்பி, காரணம் இருந்தது. அது போய்ப் பல காலம் ஆகிறது. பழக்கம் மட்டும் மிச்சம்.

பெல் லேப்ஸில் யூனிக்ஸ் உருவான நாட்களில் /ஹோம் என்று ஒன்றே கிடையாது. ஆட்கள் குடியிருந்தது /யூஎஸ்ஆரில். கென் தாம்ப்ஸனுக்கு /யூஎஸ்ஆர்/கென், டென்னிஸ் ரிட்சிக்கு /யூஎஸ்ஆர்/டிஎம்ஆர். சிஸ்டம் ஒரு டிஸ்க்கில், /யூஎஸ்ஆர் இன்னொரு டிஸ்க்கில். இரண்டாவது டிஸ்க் மக்கர் பண்ணி மவுன்ட் ஆகாத நேரத்தில்தான் ரூட்டுக்கு வேலையே. அப்படி உள்ளே நுழைகிறவர் கண்ணுக்கு நிச்சயமாகத் தட்டுப்படும் டைரக்டரி ஒன்றே ஒன்று, "/". அதனால் அதையே ஹோமாக எழுதி வைத்தார்கள். ரூட்டாக நுழைந்து, ரிப்பேர் முடித்து, வெளியே வந்துவிடுவார்கள். அங்கே உட்கார்ந்து யாரும் மெயில் படிக்கப் போவதில்லை என்ற நம்பிக்கை.

பிறகு முதல் டிஸ்க் போதாமல் கமாண்டுகளும் லைப்ரரிகளும் /யூஎஸ்ஆருக்குள் வழிந்தன. ஆட்களைக் கிளப்பி வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். சிஸ்டம் ஃபைவ் காலத்தில் /ஹோம் என்ற பெயர் நிலைத்தது. ரூட்டை மட்டும் யாரும் தொடவில்லை. சோலாரிஸ், ஹெச்பி-யூஎக்ஸ், ஏஐஎக்ஸ் மூன்றும் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டன.

நம்பிக்கை உடைந்தது டெஸ்க்டாப் வந்தபோது. சோலாரிஸில் சிடிஇ என்ற டெஸ்க்டாப் ஓடிய காலம் ஞாபகம் இருப்பவர்களுக்குத் தெரியும். ரூட்டாகவே லாகின் செய்து, நெட்ஸ்கேப் பிரவுசரும் திறந்து வைத்திருப்பார்கள். அப்படி ஒரு பெட்டியில் "எல்எஸ் -ஏ /" அடித்து அங்கே இருப்பதைப் பட்டியலிட்டுப் பார்த்தால் கண் கூசும். /பின், /டெவ், /எட்சி நடுவே .டிடி, .டிடிப்ரொஃபைல், .நெட்ஸ்கேப், .எஸ்ஹெச்_ஹிஸ்டரி, "என்எஸ்மெயில்" என்று ஒரு டைரக்டரி, அனுப்ப முடியாமல் போன மெயில் கிடக்கும் "டெட்.லெட்டர்", எப்போதோ க்ராஷ் ஆன புரோகிராமின் "கோர்" ஃபைல். இதில் எது சிஸ்டத்தின் சொத்து, எது யாரோ விட்டுப்போன குப்பை என்று புதிதாக வருகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? எதையாவது அழிக்கக் கை வைத்தால் பக்கத்தில் இருப்பது சிஸ்டத்தின் அமைப்பு ஃபைல்கள் இருக்கும் /எட்சி.

பெஞ்ச்மார்க் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆடிட்காரருக்குக் காரணம் தெரியாதது வேறு விஷயம்.

#3 நள்ளிரவு_பேஜர்

பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஹோம் "/" ஆக இருக்கும் பெட்டியில் விரல் பழக்கமே எமன்.

ஏதோ ஒரு தற்காலிக டைரக்டரியில் நின்றுகொண்டிருப்பதாக நினைப்பு. நடுவில் "சிடி" என்று மட்டும் அடித்து என்டர் தட்டியிருப்போம், அது ஹோமுக்குப் போய்விடும். அடுத்து "ஆர்எம் -ஆர்எஃப் *", நிற்கும் இடத்தில் உள்ளதையெல்லாம் கேட்காமல் அழிக்கும் கமாண்ட். /ரூட்டில் நடந்தால் நாலு ஸ்கிரிப்ட் போகும், தலையில் அடித்துக்கொண்டு பேக்கப்பில் இருந்து எடுக்கலாம். "/"-இல் நடந்தால் மெஷினே போச்சு.

"இப்போதுதான் ஆர்எம் கமாண்டே '/'-ஐ அழிக்க மறுக்குமே" என்று யாராவது கேட்பார்கள். மறுக்கும். சோலாரிஸ் 10-இல் 2005-இலேயே அது வந்துவிட்டது. லினக்ஸில் வரும் குனு கமாண்டுகள் பக்கம் 2006 முதல் அதுதான் இயல்பு அமைப்பு. ஆனால் நட்சத்திரக் குறியை விரிப்பது ஷெல், நாம் அடிப்பதை வாங்கிக் கமாண்டை ஓட்டும் புரோகிராம். ஆர்எம் கையில் போய்ச் சேரும்போது அது "பின் டெவ் எட்சி லிப்..." என்று தனித்தனிப் பெயர்களாக இருக்கும். "/" என்ற எழுத்து அதன் கண்ணில் படவே படாது. அந்தப் பாதுகாப்பு இந்தக் கேஸில் செல்லாக்காசு.

டார் ஃபைலை (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய மூட்டை) அவிழ்ப்பதிலும் இதே கதைதான். ஹோமில் நின்று அவிழ்த்தால், உள்ளே "எட்சி/..." என்று பாத் இருந்தால், உண்மையான /எட்சி மேலேயே எழுதிவிட்டுப் போகும்.

#4 ஏழாம்_ரன்லெவல்

> பெஞ்ச்மார்க் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் இருவரும் சொன்ன விபத்துகள் எல்லாமே ரூட்டாக உட்கார்ந்து அன்றாட வேலை பார்ப்பதால் வருபவை. நோய் அது. ஹோமை இடம் மாற்றுவது தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போல.

லினக்ஸ்காரர்கள் வேதமாகச் சொல்லும் எஃப்ஹெச்எஸ் ஆவணத்தையே (எது எந்த டைரக்டரியில் இருக்க வேண்டும் என்று சொல்லும் தரநிலை) பாருங்கள். /ரூட் என்பது அங்கே கட்டாயம் இல்லை. பரிந்துரை மட்டுமே, உள்ளூர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதே பத்தியில், சாதாரண யூசரால் முடிகிற வேலைக்கு ரூட் கணக்கைப் பயன்படுத்தாதே, ரூட்டின் ஹோமில் மெயில் டைரக்டரி எல்லாம் வைக்காதே, ரூட்டுக்கு வரும் மெயிலை ஒரு மனிதருக்குத் திருப்பி விடு என்றும் சொல்கிறது. அதைக் கடைப்பிடித்தால் "/"-இல் குப்பை சேரவே சேராது.

ஏஐஎக்ஸ் இன்றைக்கும் "/" என்றுதான் வருகிறது. வங்கிகள் அதன் மேல் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கரிசல், ஏஐஎக்ஸில் கை வைப்பதற்கு முன் இதையும் யோசியுங்கள். ஸ்மிட் என்ற நிர்வாக மெனுவில் செய்யும் ஒவ்வொன்றையும் அது ஹோமில்தான் பதிவு செய்யும். அதாவது /ஸ்மிட்.லாக், /ஸ்மிட்.ஸ்கிரிப்ட். அவற்றை எடுத்துப் படிக்கும் உள்ளூர் ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால் நாளை முதல் பழைய லாகையே படித்துக்கொண்டிருக்கும். நிம் என்ற நெட்வொர்க் இன்ஸ்டால் சர்வரில் இருந்து இன்ஸ்டால் செய்கிற அமைப்பு என்றால் ரூட்டின் .ஆர்ஹோஸ்ட்ஸ் ஃபைலை (பாஸ்வேர்ட் கேட்காமல் எந்த மெஷினை உள்ளே விடலாம் என்ற பட்டியல்) நம்பியிருக்க வாய்ப்பு உண்டு. அதுவும் ஹோமில்தான் தேடப்படும். ஹோமை மாற்றி ஃபைலை மாற்றாவிட்டால் நிம் வாய் திறக்காது.

#5 வல்வை_ஷெல்

எல்லாரும் "/"-ஐப் பற்றியே கதைக்கிறீங்கள். எனக்கு அந்த என்எஃப்எஸ் கதைதான் பயமாக் கிடக்கு.

கரிசல் அண்ணை, முதல்ல அதைப் பாருங்கோ. சோலாரிஸ் ஒரு கிழமை பொறுக்கும், இது பொறுக்காது.

என்எஃப்எஸ் சர்வர் இயல்பாகவே ரூட்-ஸ்குவாஷ் செய்யும். கிளையன்ட் மெஷின்ல நீங்கள் யூஐடி 0 (ரூட்டின்ர யூசர் எண்) ஆக இருந்தாலும் சர்வர் உங்களை "நோபடி" ஆக்கிப்போட்டுத்தான் உள்ள விடும். ரூட்டின்ர ஹோம் 700 அனுமதியோட (சொந்தக்காரர் மட்டும் உள்ள போகலாம்) சர்வர்ல ரூட்டுக்குச் சொந்தமாக இருந்தால், கிளையன்ட் ரூட்டுக்குத் தன்ர வீட்டுக்குள்ளயே போக ஏலாது. ஹிஸ்டரி எழுதாது. பாஸ்வேர்டுக்குப் பதிலாக் கீயால லாகின் பண்ண விடுற ஆதரைஸ்ட்-கீஸ் ஃபைலை எஸ்எஸ்ஹெச் டீமனால (ரிமோட் லாகினுக்காகப் பின்னணியில ஓடுற புரோகிராம்) வாசிக்க ஏலாது, கீ லாகின் செத்துப்போகும்.

இப்ப உங்கட பெட்டியில அது வேலை செய்யுதெண்டால் எனக்கு ஒரு காரணம்தான் தெரியுது. உங்களுக்கு முன்னம் இருந்தவர் எக்ஸ்போர்ட்ல (சர்வர் எதை ஆருக்குப் பகிருது எண்ட பட்டியல்) "நோ-ரூட்-ஸ்குவாஷ்" போட்டிருப்பார். அப்பிடியெண்டால் அந்த ஷேரை மவுன்ட் பண்ணக்கூடிய எந்தக் கிளையன்ட்டிலயும் ரூட் கிடைச்ச ஒருத்தன், சர்வர்ல ரூட்டுக்குச் சொந்தமான செட்யூஐடி புரோகிராம் (ஆர் ஓட்டினாலும் சொந்தக்காரரின்ர அதிகாரத்தோட ஓடுறது) ஒண்டை எழுதி வைக்கலாம். மற்ற மெஷின்ல சாதாரண யூசரா லாகின் பண்ணி அதை ஓட்டினால் அங்கயும் ரூட், மவுன்ட்ல அதைத் தடுக்கிற "நோசூயிட்" இல்லாட்டி.

இன்னும் கிடக்கு. என்எஃப்எஸ் சர்வர் விழுந்தால்? சர்வர் திரும்பி வரும்வரை காத்திருக்கிற ஹார்ட் மவுன்ட் எண்டால் ஹோமைத் தொடுற எந்தப் ப்ராசஸும் தொங்கிக்கொண்டு நிக்கும். கன்சோலுக்கு முன்னால போய் நிண்டு ரூட் பாஸ்வேர்ட் அடிச்சாலும் ஷெல் வராது. என்எஃப்எஸ் ஏன் விழுந்ததெண்டு பாக்கத்தானே ரூட் வேணும்?

#6 கரிசல்_சர்வர்

வல்வை, சரியாகச் சொன்னீர்கள். எக்ஸ்போர்ட் ஃபைலைப் பார்த்துவிட்டு வந்தேன். நோ-ரூட்-ஸ்குவாஷ் இருக்கிறது. அதுவும் ஒரு ஐபிக்கு அல்ல, முழு சப்நெட்டுக்கு. இன்று இரவே மெயின்டனன்ஸ் விண்டோ கேட்டிருக்கிறேன்.

ஏழாம் ரன்லெவல் சார், ஏஐஎக்ஸ் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்களிடம் /ஸ்மிட்.லாகை இரவில் நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது.

ஒரு சந்தேகம். /ஹோம் லோக்கல் டிஸ்க்காகவே இருந்தால்? அப்போது /ஹோம்/ரூட் வைத்தால் என்ன?

#7 நள்ளிரவு_பேஜர்

லோக்கலாக இருந்தாலும் தனி பார்டிஷன் என்றால் பாதிப் பிரச்சினை அப்படியேதான். ஃபைல் சிஸ்டம் செக் தோற்று மெஷின் எமர்ஜென்சி மோடில் நிற்கும்போது /ஹோம் மவுன்ட் ஆகியிருக்காது. லாகின் ஒரேயடியாக மறுக்காது, "டைரக்டரி இல்லை, ஹோமை '/' என்று வைத்து உள்ளே விடுகிறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு விடும். ரிப்பேருக்கான சிங்கிள் யூசர் மோடில் ரூட் பாஸ்வேர்ட் கேட்கும் எஸ்யூலாகினும் அப்படியே. எஃப்ஹெச்எஸ்ஸிலும் இதற்கு அடிக்குறிப்பு உண்டு: ரூட்டின் ஹோமை ரூட் பார்டிஷனில் வைக்காவிட்டால், அது கிடைக்காதபோது "/"-க்கு விழும்படி உறுதி செய்துகொள் என்று.

உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால் அந்த நேரத்துக்கென்று எழுதி வைத்த மீட்பு ஸ்கிரிப்ட், பார்டிஷன் அட்டவணை நகல், ஏலியாஸ்கள் எல்லாம் திறக்காத /ஹோமுக்குள் இருக்கும். /ஹோமை என்க்ரிப்ட் செய்து வைத்திருக்கும் லேப்டாப்பிலும் இதே கதி.

#8 சிறுகருவி

எம்பெடட் பக்கம் இருந்து ஒரு மாற்றுக் குரல். சிறு கருவிகளுக்கு லினக்ஸ் தயாரிக்கும் யோக்டோவில் பில்ட் செய்பவர்கள் /ஹோம்/ரூட்டைப் பார்த்துத் திடுக்கிட மாட்டார்கள். பல காலம் அங்கே இயல்பு அமைப்பே அதுவாகத்தான் இருந்தது. ரூட்-ஹோம் என்று ஒரு வேரியபிள், அதன் மதிப்பு /ஹோம்/ரூட். அவர்கள் ஆவணத்தில் காரணமும் உண்டு: எங்கள் கருவிகளில் ரூட் ஃபைல் சிஸ்டம் பெரும்பாலும் ரீட்-ஒன்லி. எழுதக்கூடியதெல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் வசதி.

ரீட்-ஒன்லி "/"-க்குள் /ரூட்டை வைத்தால் ஒரு ஹிஸ்டரி வரி கூட எழுத முடியாது. எஸ்எஸ்ஹெச் முதல் முறை இன்னொரு மெஷினுக்குப் போகும்போது அதன் கீயைச் சேமிக்க முடியாமல் ஒவ்வொரு தடவையும் கேட்கும்.

பெரிய சர்வர் உலகமும் இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறது. ஃபெடோரா சில்வர்ப்ளூ, கோர்ஓஎஸ் இரண்டிலும் /ரூட் என்பது நிஜ டைரக்டரி இல்லை. /வார்/ரூட்ஹோம் என்ற இடத்துக்கு ஒரு சிம்லிங்க் (வேறு இடத்தைச் சுட்டும் பெயர்). /ஹோமும் அப்படியே /வார்/ஹோமுக்கு. மேக்கிலும் ரூட்டின் ஹோம் /வார்/ரூட்தான். "ரூட்டின் வீடு '/' இருக்கும் பார்டிஷனிலேயே இருந்தாக வேண்டும்" என்பது இனி எல்லா இடத்துக்கும் செல்லாது.

#9 பழைய_டெர்மினல்

சிறுகருவி சொல்வது சரி, ஒரு திருத்தத்துடன். அங்கெல்லாம் /வார் என்பது பூட்டின் ஆரம்பத்திலேயே வந்துவிடும் லோக்கல் இடம். வேறு மெஷினை நம்பி இல்லை, நூறு யூசர்களோடு பங்கு போட்டதும் இல்லை. நான் கேட்பது அவ்வளவுதான்: மற்றதெல்லாம் படுத்துவிட்ட நேரத்திலும் கிடைக்க வேண்டும், வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்கு /ரூட்டோ /வார்/ரூட்ஹோமோ எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். "/" இரண்டாவதில் தோற்கிறது, என்எஃப்எஸ் மேல் இருக்கும் /ஹோம்/ரூட் முதலாவதில் தோற்கிறது.

ரன்லெவல் சார், உங்கள் "தலையணை" வாதத்தில் இந்த எட்டிப் பார்க்கும் விஷயம் விடுபட்டுவிட்டது. "/"-க்கு 755 போல எல்லோரும் உள்ளே நுழைகிற அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சாதாரண யூசரால் எந்தக் கமாண்டையும் ஓட்ட முடியாது. அப்படியானால் அங்கே ரூட் உருவாக்கும் ஒவ்வொரு ஃபைலும் அதனதன் அனுமதியை மட்டும் நம்பி நிற்கிறது. புது ஃபைலை எல்லோரும் படிக்க விடும் யூமாஸ்க் 022-இல் ஒரு டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் டாட் ஃபைலை (புள்ளியில் தொடங்கும் அமைப்பு ஃபைல்) எடிட்டரில் எழுதிச் சேமித்தால் ஊரே படிக்கலாம். /ரூட்டுக்கு 700 போட்டுவிட்டால் உள்ளே எது எந்த அனுமதியில் கிடந்தாலும் வாசலிலேயே தடை. ரூட்டாக எவ்வளவு ஒழுக்கமாக வேலை பார்த்தாலும் இந்த வாசல் தேவை.

சன்னை வாங்கிய ஆரக்கிளே 2011-இல் சோலாரிஸ் 11 விட்டபோது ரூட்டின் ஹோமை /ரூட்டுக்கு மாற்றிவிட்டது. அதே வெளியீட்டில் ரூட்டை நேரடியாக லாகின் செய்ய முடியாத "ரோல்" ஆக்கியது. உங்கள் மருந்தும் என் மருந்தும் ஒரே சீட்டில்.

#10 ஏழாம்_ரன்லெவல்

சரி, வாசல் வாதம் செல்லும். அதை நான் எடை போடவில்லை. ஆனால் ஏஐஎக்ஸில் அவசரப்பட வேண்டாம் என்பதில் மாறவில்லை.

வாசல் என்றதும் ரெட் ஹேட்டில் ஒரு விநோதம். அங்கே /ரூட் 700 கூட இல்லை, 550. சொந்தக்காரருக்கே எழுதும் அனுமதி கிடையாது. ரூட்டுக்கு அனுமதிப் பிட்டுகளைத் தாண்டிப் போகும் கேப்பபிலிட்டி இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. யூஐடி 0-இல் ஓடினாலும் அந்தக் கேப்பபிலிட்டியைக் கழற்றிவிட்டு ஓடும் ஒரு டீமனை யாராவது கைப்பற்றினால், அதனால் /ரூட்டில் எதையும் நட்டு வைக்க முடியாது. ஃபெடோரா 12-இல் வந்த மாற்றம். யாரோ "ஏன் இப்படித் தப்பாக இருக்கிறது" என்று 755 ஆக்கிவிட்டுப் போன பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

#11 பச்சைத்தவளை

ஃப்ரீபிஎஸ்டிகாரன் ஒருவன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு /ரூட்தான், எப்போதோ முடிந்த விவாதம். பழைய பழக்கத்துக்கு மரியாதையாக ஒன்று விட்டு வைத்திருக்கிறார்கள்: பல வெளியீடுகளாக /.ப்ரொஃபைலும் /ரூட்/.ப்ரொஃபைலும் ஹார்ட் லிங்க் செய்யப்பட்ட ஒரே ஃபைல். ஒன்றில் ஏலியாஸ் எழுதினால் இன்னொன்றிலும் இருக்கும்.

கூடவே "டூர்" என்று யூஐடி 0 உள்ள இரண்டாவது கணக்கு உண்டு, ரூட்டைத் திருப்பிப் போட்ட பெயர். அதற்கும் ஹோம் அதே /ரூட். ரூட்டின் முழுப் பெயர் சார்லி. இரவில் "சார்லி ரூட்" என்பவரிடம் இருந்து மெயில் வந்தால் பயப்படாதீர்கள், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான்தான்.

#12 கன்டெய்னர்_குமரி

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் டெவ்ஆப்ஸில் புதுசு. சோலாரிஸைப் பார்த்ததே இல்லை. ஆனால் "/" ஹோம் ஆக இருப்பதைப் போன வாரம்தான் பார்த்தேன்!

பில்ட் சர்வரில் டாக்கர் கன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் ஓடும்போது "/.என்பிஎம் டைரக்டரியை உருவாக்க அனுமதி இல்லை" என்று நின்றுவிடுகிறது. அந்தப் புள்ளிக்கு முன்னால் ஏன் வெறும் ஸ்லாஷ் என்று புரியாமல் இருந்தது. இந்த விவாதத்தைப் படித்ததும் பொறி தட்டியது. சரிதானா?

#13 நள்ளிரவு_பேஜர்

சரியேதான் தங்கச்சி. உங்கள் பில்ட் சர்வர் கன்டெய்னரை "யூசர் 1000" என்பது போல ஒரு எண்ணை மட்டும் கொடுத்து ஓட்டுகிறது. இமேஜுக்குள் இருக்கும் பாஸ்வேர்ட் ஃபைலில் அந்த எண்ணுக்கு வரியே இல்லை. வரி இல்லாததால் ஹோம் தெரியாது, டாக்கர் அதை "/" என்று வைத்துவிடுகிறது. என்பிஎம் தன் கேஷை ஹோமில் எழுதப் பார்க்கிறது. நீங்கள் ரூட் இல்லை, அதனால் "/"-இல் எழுத முடியாது. கன்டெய்னர்களை ஓட்டும் ஓபன்ஷிஃப்ட்டில் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் வேறு வேறு எண் கிடைப்பதால் அங்கே இது தினசரி வழக்கு. /.கேஷ், /.கான்ஃபிக் என்று எந்தப் பிழை வந்தாலும் காரணம் இதுவே.

ஹோம் வேரியபிளை எழுத முடிகிற ஒரு டைரக்டரிக்கு மாற்றுங்கள், /டெம்ப் கூடப் போதும். முடிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் வரும். இமேஜைத் தயாரிக்கும் டாக்கர்ஃபைலில் ரூட்டாக இருக்கும்போது டூலை /ரூட்டுக்குள் இன்ஸ்டால் செய்துவிட்டு, கடைசியில் வேறு யூசருக்கு மாறுவார்கள். /ரூட் 700 ஆக இருப்பதால் புது யூசரால் அந்த டூலைப் பார்க்கக்கூட முடியாது. அங்கே /ரூட்டைத் திறந்துவிடாதீர்கள். டூலை /ஆப்ட்டுக்கு மாற்றுங்கள்.

#14 வல்வை_ஷெல்

இன்னொண்டு. இப்ப இருக்கிற கருவிகள் பலதும் ரூட் /ரூட்டிலதான் இருப்பார் எண்டு முடிவெடுத்துத்தான் எழுதப்பட்டிருக்கு. லினக்ஸ்ல சர்வீஸுகளை ஓட்டுற சிஸ்டம்டியில "ப்ரொடெக்ட்-ஹோம்" எண்டு போட்டால் அந்தச் சர்வீஸுக்கு /ஹோம், /ரூட், /ரன்/யூசர் மூண்டும் மறைஞ்சிடும். ரூட்டின்ர ஹோம் "/" எண்டால் அதை மறைக்க ஏலுமே?

ஃபைலுக்கு லேபிள் ஒட்டி அணுகலைக் கட்டுப்படுத்துற எஸ்ஈலினக்ஸும் அப்பிடித்தான். /ரூட்டுக்கு நிர்வாகி-ஹோம் எண்டு தனி லேபிள். வெப் சர்வருக்கு அந்த லேபிளை வாசிக்க அனுமதி இல்லை. நிறையப் பேர் மாட்டுற இடம் இதுதான்: ஹெச்டிஎம்எல் ஃபைலை /ரூட்டில டவுன்லோட் பண்ணி, "எம்வி" அடிச்சு வெப் டைரக்டரிக்கு நகர்த்துவினம். எம்வி பழைய லேபிளையும் காவிக்கொண்டு போகும். அனுமதி எல்லாம் சரியாத் தெரியும், பிரவுசர்ல 403, அனுமதி இல்லை எண்ட பிழை. "சிபி" அடிச்சிருந்தால் புது இடத்து லேபிள் வந்திருக்கும். இல்லாட்டி சரியான லேபிளைத் திருப்பி ஒட்டுற "ரீஸ்டோர்கான்" ஓட்ட வேணும்.

#15 கரிசல்_சர்வர்

நிலவரம்: /ஹோம்/ரூட் பெட்டியை நேற்று இரவு /ரூட்டுக்கு மாற்றியாயிற்று. எக்ஸ்போர்ட்டில் ரூட்-ஸ்குவாஷும் போட்டாயிற்று. "யூசர்மாட்" கமாண்ட் ரூட்டை மாற்ற மறுத்தது, "ரூட் இப்போது ப்ராசஸ் 1-இல் பயன்பாட்டில் இருக்கிறது" என்று. பிறகு பாஸ்வேர்ட் ஃபைலைத் திருத்தும் விஐபிடபிள்யூ-வில் கையால் மாற்றினேன். வல்வை சொன்ன லேபிள் விஷயத்தைப் படித்திருந்ததால் ஃபைல்களை நகர்த்திய கையோடு /ரூட் முழுக்க ரீஸ்டோர்கானும் ஓட்டிவிட்டேன்.

அடுத்து சோலாரிஸ். எந்த வரிசையில் செய்வது?

#16 பழைய_டெர்மினல்

இப்போது திறந்திருக்கும் ரூட் செஷனை மூடாதே, முடியும்வரை அது உயிர்க்கயிறு.

/ரூட்டை உருவாக்கி 700 போடு. ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ் என்றால் அதற்காகத் தனி டேட்டாசெட் போடாதே, சாதாரண டைரக்டரியே இருக்கட்டும், சிங்கிள் யூசரில் கையோடு இருக்கும். "/"-இல் இருந்து நகர்த்த வேண்டியவற்றைப் பெயர் சொல்லி நகர்த்து: .ப்ரொஃபைல், .எஸ்எஸ்ஹெச், .எஸ்ஹெச்_ஹிஸ்டரி, .ஆர்ஹோஸ்ட்ஸ் இருந்தால் அதை நகர்த்தாமல் ஏன் இருக்கிறது என்று முதலில் கேள். ".*" என்று மொத்தமாக மட்டும் எதையும் செய்யாதே, அதற்குள் மேல் டைரக்டரியைக் குறிக்கும் ".." ஒளிந்திருக்கிறது. பிறகு பாஸ்வேர்ட் ஃபைலை நகல் எடுத்து, ரூட் வரியின் ஆறாவது புலமான ஹோமை மாற்றி, அந்த ஃபைலைச் சரிபார்க்கும் "பிடபிள்யூசிகே" ஓட்டு. டைரக்டரி இல்லையென்றால் அது சொல்லிவிடும். வேறு டெர்மினலில் ரூட்டாக மாறும் "எஸ்யூ -" அடித்துப் பார், பின்னால் கோடு இருக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச் கீ லாகினையும் தனியாகப் பார். சோன் (சோலாரிஸுக்குள் ஓடும் தனித்தனி சிஸ்டம்) வைத்திருந்தால் ஒவ்வொரு சோனுக்கும் தனி பாஸ்வேர்ட் ஃபைல். உள்ளே போய்த் தனியாகச் செய்ய வேண்டும்.

உண்மையில் உடையப்போவது கிரான். ரூட்டின் கிரான் வேலைகள் ஹோமில் இருந்துதான் கிளம்பும். ஹோம் "/" ஆக இருந்த இத்தனை காலத்தில் யாராவது முன்னால் ஸ்லாஷ் போட மறந்து "ஆப்ட்/பேக்கப்/ஓட்டு.எஸ்ஹெச்" என்று எழுதியிருந்தாலும் அது ஓடியிருக்கும். நாளை முதல் ஓடாது. கிரான் வேலைகளின் பட்டியலான கிரான்டேபை வரி வரியாகப் படி. கமாண்ட் மட்டுமல்ல, ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதும் லாக் ஃபைல்களின் பாத்தையும் பார்.

#17 கரிசல்_சர்வர்

இரண்டு சோலாரிஸும் முடிந்தது. கிரானில் மூன்று வரி அப்படியே சிக்கியது, அதில் ஒன்று வார இறுதி டேப் பேக்கப். ஸ்லாஷ் போட்டாயிற்று.

ஏஐஎக்ஸைத் தொடவில்லை. ஆடிட்டுக்கு விதிவிலக்குக் கடிதம் எழுதிவிட்டேன்: நேரடி ரூட் லாகின் மூடப்பட்டது, "/"-இல் இருந்த டாட் ஃபைல்களின் அனுமதி 600 ஆக்கப்பட்டது, காரணம் ஸ்மிட் லாகும் நிம்மும். காரணத்தை அவர்களுக்குப் புரியும்படி எழுதத்தான் நேரம் பிடித்தது.

#18 ஏழாம்_ரன்லெவல்

கடிதத்தில் மறுஆய்வுத் தேதி ஒன்றும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அப்புறம், நிம் மாஸ்டரை எஸ்எஸ்எல் வழியில் பேசும் நிம்-எஸ்ஹெச்சுக்கு மாற்றிவிட்டால் .ஆர்ஹோஸ்ட்ஸே தேவைப்படாது. மறுஆய்வு வரும்போது மிச்சம் இருப்பது அந்த ஸ்மிட்.லாக் ஸ்கிரிப்டில் ஒரு வரி மட்டும்தான்.